ரோமன் எண்ணில் கார்டு அனாலிசிஸ்: மியூஸ்ஸ்கோரில் எப்படி எழுதுவது?

தாழ்ஸ்வரம் எழுதியது:

வணக்கம். பாக்கின் சி மேஜர் ப்ரெலூடை (வெல் டெம்பர்ட் கிளாவியர் முதல் தொகுதியின் முதல் துண்டு, பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 846) எடுத்து, ஒவ்வொரு பாருக்கும் கீழே ரோமன் எண்ணில் கார்டு அனாலிசிஸ் (கார்டு ஸ்கேலின் எத்தனையாவது படியில் நிற்கிறது என்ற குறிப்பு) எழுதி வருகிறேன். முதல் 19 பார் போதும். பாருக்கு ஒரே கார்டுதான் என்பதால் கார்டைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. அதை மியூஸ்ஸ்கோரில் (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) எழுதுவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

இப்போதைக்கு லிரிக்ஸ் வரியில் டைப் செய்கிறேன். பார் 3-இல் ஐந்தாம் படி கார்டின் முதல் இன்வெர்ஷன் (மூல நோட்டுக்குப் பதில் கார்டின் அடுத்த நோட் பேஸில் நிற்கும் வடிவம்) வருகிறது. ரோமன் ஐந்துக்குப் பக்கத்தில் 6 மேலேயும் 5 கீழேயும் அடுக்காக நிற்க வேண்டும். லிரிக்ஸில் அது 65 என்று அறுபத்தைந்தாகப் படுத்துக் கிடக்கிறது. சரி, 6-ஐ ஒரு வரியிலும் 5-ஐ அடுத்த வரியிலும் போடலாம் என்று பார்த்தேன். ரோமன் எண் எந்த வரியில் இருப்பது என்று தெரியாமல் பக்கமே குழம்பிவிட்டது.

இன்னொரு பயிற்சியில் பேஸ் நோட் பார் முழுக்க நீள்கிறது, மேலே மூன்றாவது பீட்டில் கார்டு மாறுகிறது. பேஸ் வரியில் அந்த இடத்தில் நோட்டே இல்லாததால் லிரிக்ஸ் ஒட்ட மாட்டேன் என்கிறது. எல்லோரும் இதற்கு என்ன செய்கிறீர்கள்?

நாலாம்_கோடு எழுதியது:

லிரிக்ஸை விட்டுவிடுங்கள். இதற்கென்றே தனிக் கருவி இருக்கிறது. மியூஸ்ஸ்கோர் 3 வரிசையிலேயே வந்துவிட்டது, 4-லும் உண்டு.

கீழ் ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரியில்) முதல் பேஸ் நோட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆட் மெனுவில் டெக்ஸ்ட், அதற்குள் ரோமன் நியூமரல் அனாலிசிஸ். ஸ்டாஃபுக்குக் கீழே கர்சர் திறக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து வி, அப்புறம் 6, அப்புறம் 5 என்று இடைவெளி விடாமல் டைப் செய்யுங்கள். இரண்டு எண்ணும் தாமாகவே அடுக்காகிவிடும். அந்த வேலையைச் செய்வது கம்பானியா என்கிற எழுத்துரு. ரோமன் எண் அனாலிசிஸுக்காகவே வடிவமைத்தது, மியூஸ்ஸ்கோரோடு சேர்ந்தே வருகிறது. சிறிய எழுத்து பி-யை முன்னால் போட்டால் ஃபிளாட் குறி, சிறிய எழுத்து ஓ-வைப் பின்னால் போட்டால் டிமினிஷ்டுக்கான சிறு வட்டம்.

இரண்டாவது சிக்கலுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. லிரிக்ஸ் நோட்டோடு கட்டுண்டது. ரோமன் எண் கட்டுண்டிருப்பது நேரத்தோடு. கர்சர் திறந்திருக்கும்போது அரைப்புள்ளி தட்டினால் அடுத்த பீட்டுக்குப் போகும், அங்கே நோட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. முக்காற்புள்ளி தட்டினால் ஒரு பீட் பின்னால். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த நோட் அல்லது பீட். கண்ட்ரோலோடு வல அம்புக்குறி தட்டினால் அடுத்த பாரின் தொடக்கம். கார்டு சிம்பலுக்கு (ஸ்டாஃபுக்கு மேலே எழுதும் சி, ஜி7 போன்ற கார்டுப் பெயர்) பழகியவர்களுக்கு எல்லாமே தெரிந்த சாவிகள்தான்.

இந்த இழையில் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று, பெரிய எழுத்து ரோமன் எண்ணை (மேஜர் கார்டு) பெரு-5 என்றும் சிறிய எழுத்தை (மைனர் கார்டு) சிறு-2 என்றும் எழுதுகிறேன். இன்வெர்ஷன் எண் அடைப்புக்குள். உங்கள் பார் 3 அப்படியென்றால் பெரு-5 (65).

தாழ்ஸ்வரம் எழுதியது:

வந்துவிட்டது! 6-உம் 5-உம் அடுக்காக நிற்பதைப் பார்த்ததும் அவ்வளவு நிம்மதி. ஸ்பேஸ் தட்டியபோது பாருக்குள்ளேயே ஒவ்வொரு பதினாறாம் நோட்டாக நின்று நின்று போனது. கண்ட்ரோல் அம்புக்குறிக்கு மாறியதும் பாருக்கு ஒன்றாகச் சரசரவென்று போட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியது: பார் 1 பெரு-1, பார் 2 சிறு-2 (42), பார் 3 பெரு-5 (65), பார் 4 மறுபடி பெரு-1, பார் 5 சிறு-6 (6), பார் 6 பெரு-2 (42), பார் 7 பெரு-5 (6), பார் 8 பெரு-1 (42).

ஒரு கேள்வி. எண்கள் ஒரே கோட்டில் இல்லை. பேஸ் தாழ்ந்து போகிற இடத்தில் எண்ணும் கீழே தள்ளப்படுகிறது. ஒவ்வொன்றையும் கையால் இழுக்க வேண்டுமா?

நாலாம்_கோடு எழுதியது:

கையால் இழுக்காதீர்கள். பக்க அமைப்பை மாற்றினால் போட்ட உழைப்பெல்லாம் வீணாகும். ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதில் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ், அங்கே ரோமன் நியூமரல் அனாலிசிஸ் என்று தனி ஸ்டைல் இருக்கும். அதில் ஆஃப்செட்டின் செங்குத்து மதிப்பை, துண்டிலேயே மிகத் தாழ்ந்த நோட்டையும் தாண்டும் அளவுக்கு வையுங்கள். எண் நோட்டில் இடிக்காவிட்டால் மென்பொருள் அதைத் தள்ளாது. எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்.

பெடல்பாயிண்ட் எழுதியது:

பார் 6-இல் பெரு-2 என்று போட்டிருப்பதை ஒருமுறை பாருங்கள் தோழி. அங்கே இருப்பது டி, எஃப் ஷார்ப், ஏ, சி. எஃப் ஷார்ப் சி மேஜர் ஸ்கேலில் இல்லை. அது ஜி-யை நோக்கித் தள்ளுகிற நோட், பார் 7-இல் ஜி-க்குப் போயும் விடுகிறது. ஆகவே அது ஐந்தின் ஐந்து. பெரு-5 (42), சாய்கோடு, பெரு-5. மியூஸ்ஸ்கோரில் சாய்கோட்டை அப்படியே டைப் செய்யலாம்.

பெரு-2 என்று எழுதுவதையும் சில பாடநூல்கள் ஏற்கின்றன. அதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெரு-2 அந்தக் கார்டு என்ன என்று மட்டும் சொல்கிறது, ஐந்தின் ஐந்து அது எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

மூன்றாம்வாய்ஸ் எழுதியது:

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். பார் 5 முதல் 11 வரை மொத்தமும் ஜி மேஜர். ஜி-யில் எழுதிப் பாருங்கள்:

பார் 5 சிறு-2 (6)
பார் 6 பெரு-5 (42)
பார் 7 பெரு-1 (6)
பார் 8 பெரு-4 (42)
பார் 9 சிறு-2 (7)
பார் 10 பெரு-5 (7)
பார் 11 பெரு-1

சாய்கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டு, ஐந்து, ஒன்று என்று பார் 9, 10, 11-இல் முழு கேடன்ஸே (வாக்கியத்தை முடிக்கிற கார்டு வரிசையே) நடக்கிறது. இதை சி-யில் எழுதினால் சிறு-6, ஐந்தின் ஐந்து, ஐந்து, ஒன்று, மறுபடி சிறு-6, மறுபடி ஐந்தின் ஐந்து என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

பெடல்பாயிண்ட் எழுதியது:

ஜி-யில் சுத்தமாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத எளிது என்பது ஸ்கேல் மாறிவிட்டதற்குச் சாட்சி ஆகாது. பார் 12-இல் என்ன வருகிறது? பேஸ் அதே ஜி, மேலே பி ஃபிளாட், ஈ, சி ஷார்ப். டிமினிஷ்ட் செவன்த், இறுக்கமாக ஒலிக்கிற நான்கு நோட் கார்டு. அது பார் 13-இல் டி மைனருக்குப் போகிறது. பார் 14-இல் இன்னொரு டிமினிஷ்ட் செவன்த், பார் 15-இல் சி மேஜர், ஈ பேஸில். பார் 19-இல் தொடக்கத்தில் கேட்ட அதே சி கார்டு ஒரு ஆக்டேவ் கீழே வந்து உட்காருகிறது. ஜி-யில் பார் 11-க்கு மேல் ஒரு பார்கூடத் தங்கவில்லை. என் காதுக்கு அது வீடு மாறிய மாதிரி இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

மூன்றாம்வாய்ஸ் எழுதியது:

ஏழு பார் எட்டிப் பார்ப்பது கொஞ்சம் அதிகம். 19 பாரில் ஏழு பார்! அதிலும் பார் 8-ஐக் கவனியுங்கள். பேஸில் பி, அதற்கு மேலே சி, ஈ, ஜி. சி-யில் இதைப் பெரு-1 (42) என்று எழுதினால், வீட்டுக் கார்டே ஏழாம் ஸ்வரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறது என்றாகிறது. அந்த பி அடுத்த பாரில் ஏ-க்கு இறங்கியே ஆக வேண்டிய நோட். ஓய்வெடுக்கிற கார்டு இப்படி நகரத் துடிக்காது. ஜி-யின் நான்காம் படி என்று படித்தால்தான் அந்த இறக்கம் எனக்குக் காதில் பொருந்துகிறது.

தாழ்ஸ்வரம் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரியென்றே படுகிறது. இப்போது நான் எதை டைப் செய்வது? இதை மென்பொருளே கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாதா? நோட்டுகள் எல்லாம் அதனிடம்தானே இருக்கின்றன.

அரைஓசை எழுதியது:

நான் கொஞ்சம் நிரல் எழுதுகிறவன், அதனால் இதில் சொல்ல இருக்கிறது. பைத்தானில் மியூசிக்21 என்று ஒரு நிரல் தொகுப்பு உண்டு, எம்.ஐ.டி.யில் உருவானது. ஒரு கார்டையும் ஒரு ஸ்கேலையும் கொடுத்தால் ரோமன் எண்ணைத் திருப்பித் தரும். இன்வெர்ஷன் எண்ணோடு சரியாகவே தரும். ஆனால் கவனியுங்கள், ஸ்கேலையும் நாம் கொடுக்க வேண்டும். பார் 8-இன் நோட்டுகளை சி மேஜர் என்று சொல்லிக் கொடுத்தால் ஒன்று என்று சொல்லும், ஜி மேஜர் என்று சொல்லிக் கொடுத்தால் நான்கு என்று சொல்லும். இரண்டும் சரி. எந்த ஸ்கேலில் கேட்பது என்று மேலே இரண்டு பேர் வாதாடுவது தீர்ந்தால்தான் அதற்கு வேலையே தொடங்கும்.

ஸ்கேலை ஊகிக்கிற வழிகளும் இருக்கின்றன. எந்த நோட் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கூட்டிப் பார்த்து முடிவு செய்பவை. ஒரு முழுத் துண்டுக்கு அவை பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஏழு பாருக்கு ஜி-யா, சி-யா என்று கேட்டால், எத்தனை பாரை ஒரு துண்டாக வெட்டிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். இன்னொன்று, கடந்து போகிற நோட் எது, கார்டைச் சேர்ந்த நோட் எது என்பதும் அதற்குத் தெரியாது. இந்த ப்ரெலூடில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. நான்கு குரல் கோராலில் (தேவாலயப் பாடலில்) எட்டாம் நோட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோமன் எண் போட்டு வைத்துவிடும். அதில் பாதியை அழிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

ஆராய்ச்சியாளர்களும் கையால்தான் எழுதுகிறார்கள். பேத்தோவனின் ஸ்ட்ரிங் குவார்டெட்டுகள் அனைத்துக்கும் ஹார்மனி குறிப்பு எழுதி 2018-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். இசை அறிந்த ஆட்கள் உட்கார்ந்து கேட்டு, படித்து, முடிவெடுத்துக் குறித்தவை. கணினி அதை எண்ணவும் ஒப்பிடவும் உதவுகிறது. குறிப்பது மனிதர்.

நாலாம்_கோடு எழுதியது:

தாழ்ஸ்வரம், இரண்டையும் எழுதுங்கள். இரண்டு வரிசை. மேல் வரிசை சி, கீழ் வரிசை ஜி. இரண்டு ஸ்கேலிலும் பொருள் தருகிற கார்டில் இரண்டு வரிசையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரட்டும். பிவட் கார்டை அப்படித்தான் காட்டுவது வழக்கம்.

இதற்கு நான் பயன்படுத்தும் வழி இது. பியானோவுக்குக் கீழே ஒரு கூடுதல் ஸ்டாஃப் சேர்ப்பேன். ஸ்டாஃப் அமைப்பில் போய் ஐந்து கோடுகளையும் மறைப்பேன். அதில் இருக்கும் முழுப் பார் ரெஸ்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து ஆங்கில வி சாவியைத் தட்டினால் அவையும் அச்சில் மறைந்துவிடும். கிளெஃபையும் அதே மாதிரி மறைத்துவிடலாம். இப்போது கையில் இருப்பது வெறும் காலி வரி. ஆனால் பார், பீட் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ரோமன் எண்ணை அந்த ரெஸ்டில் மாட்டினால் முதல் பீட்டில் நிற்கும், அரைப்புள்ளி தட்டிக்கொண்டே போகலாம். அந்த வரியில் நோட்டு எதுவுமே இல்லையென்பதால் எண்கள் எங்கேயும் கீழே தள்ளப்படாது. நான் இரண்டு வரிசை தேவைப்படாத இடத்திலும் இப்படித்தான் செய்கிறேன். மாணவர்களுக்கு எண் இல்லாத பிரதி வேண்டுமென்றால் அந்த ஒரு ஸ்டாஃபை மட்டும் மறைத்து அச்சிட்டால் போதும், பயிற்சித் தாள் தயார்.

ஸ்கேல் பெயரை வரிசையின் தொடக்கத்தில் ஸ்டாஃப் டெக்ஸ்டாகப் போடுங்கள். சி என்று எழுதி முக்காற்புள்ளி. அதை மறந்தால் எண்களுக்கு அர்த்தமே இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஸ்கேல் பெயர் இல்லாத ரோமன் எண், ஊர் பெயர் இல்லாத தெரு எண் மாதிரி.

சுருள்வரி எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஸ்கேல் மாற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேலே கார்டு சிம்பலும் கீழே ரோமன் எண்ணும் வைத்த ஒரு துண்டை, பாடுகிறவருக்காக சி-யிலிருந்து ஈ ஃபிளாட்டுக்கு மாற்றினேன். சிம்பல்கள் எல்லாம் மாறின. ரோமன் எண் ஒன்றுகூட அசையவில்லை, அசையவும் கூடாது. ஐந்து எங்கே போனாலும் ஐந்துதான். ஸ்கேல் பெயரை மட்டும் கையால் மாற்றினேன், அது வெறும் டெக்ஸ்ட் என்பதால் அதற்கு ஸ்கேல் மாறியது தெரியாது.

ரோமன் எண் ஒலிக்காது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். கார்டு சிம்பலை பிளேபேக்கில் கேட்கலாம், இதைக் கேட்க முடியாது.

தாழ்ஸ்வரம் எழுதியது:

அந்த இன்னொரு பயிற்சிக்கும் வந்துவிடுகிறேன், பேஸ் பார் முழுக்க நீளும் என்றேனே. சி மேஜர், பேஸில் ஜி முழு நோட். முதல் இரண்டு பீட்டில் மேலே சி, ஈ. அடுத்த இரண்டில் பி, டி. அப்புறம் சி கார்டில் முடிவு. முதல் பாதியைப் பெரு-1 (64) என்று எழுதினேன். எனக்குச் சொல்லித் தருகிறவர் அதை அடித்துவிட்டுப் பெரு-5 என்று எழுதினார், காரணம் சொல்ல நேரமில்லை. நோட்டுகள் சி, ஈ, ஜி தானே?

பெடல்பாயிண்ட் எழுதியது:

இதில் இரண்டு வழக்கம் இருக்கிறது, இரண்டுக்கும் பாடநூல் ஆதரவு உண்டு. நோட்டுகளை எண்ணினால் ஒன்றாம் படிதான், நீங்கள் எழுதியது பிழை இல்லை. ஆனால் வாசித்துப் பாருங்கள். ஜி-க்கு மேலே இருக்கும் சி, பி-க்கு இறங்கத் தவிக்கிறது. ஈ, டி-க்கு இறங்கத் தவிக்கிறது. அது வீட்டுக் கார்டு போல ஒலிக்கவே இல்லை, ஐந்தாம் படி கார்டு இரண்டு பீட் தாமதமாக வருகிற மாதிரிதான் ஒலிக்கிறது. அதனால் பார் முழுக்கப் பெரு-5 என்று ஒரே எண் போட்டு, அதன் பக்கத்தில் 6 இறங்கி 5, 4 இறங்கி 3 என்று எழுதுவது இரண்டாவது வழக்கம். உங்கள் ஆசிரியர் அந்தப் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். ரோமன் எண் நோட்டுகளைப் பெயரிட மட்டும் என்றால் கார்டு சிம்பலே போதுமே?

எழுதும் விதம்: முதல் பீட்டில் பெரு-5 (64), அரைப்புள்ளி இரண்டு முறை தட்டி மூன்றாம் பீட்டில் 5, 3. அடுக்கும் கோடும் அழகாக வர வேண்டுமென்றால் பேஸ் நோட்டைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலோடு ஜி தட்டுங்கள், ஃபிகர்டு பேஸ் (பேஸ் நோட்டுக்கு எண் எழுதும் கருவி) திறக்கும். ஒவ்வொரு எண்ணையும் தனி வரியில் எழுதலாம், அடிக்கோடு போட்டால் தொடர்கோடு வரும். ரோமன் எண் ஒரு கருவியில், இறங்கும் எண்கள் இன்னொன்றில். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் பார்க்கிறவருக்கு உடனே புரியும்.

அரைஓசை எழுதியது:

பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. மேஜரைப் பெரியதிலும் மைனரைச் சிறியதிலும் எழுதுவது காட்ஃபிரீட் வேபரின் வழி, 1817 முதல் அவர் வெளியிட்ட இசைக் கோட்பாட்டு நூலில் வந்தது. எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதும் வழக்கமும் இன்றுவரை உண்டு. மைனர் ஸ்கேலில் இன்னொரு பிரிவு: ஏ மைனரில் எஃப் மேஜர் கார்டை வெறும் பெரு-6 என்பவர்களும் உண்டு, மேஜர் ஸ்கேலை வைத்து அளந்து ஃபிளாட் பெரு-6 என்பவர்களும் உண்டு. மியூஸ்ஸ்கோர் எதை எழுதினாலும் ஏற்கும், திருத்தாது. ஆகவே எந்த வழக்கம் என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கோப்பை வேறு மென்பொருளுக்கு அனுப்புகிறவர்கள் முதலில் நான்கு பாரை அனுப்பிப் பாருங்கள். மென்பொருள்களுக்கிடையே இசைக்குறிப்பைக் கடத்தும் கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் 4.0-இல்தான், அதாவது 2021-இல், ஸ்கேல் படி எண்ணுக்கென்று ஒழுங்கான இடம் வந்தது. எல்லா மென்பொருளும் அதை ஒரே மாதிரி எழுதிப் படிக்கும் என்று நம்பி முழுத் துண்டையும் அனுப்ப வேண்டாம். படிக்க மட்டும் கொடுப்பதென்றால் பி.டி.எஃப். போதும்.

தாழ்ஸ்வரம் எழுதியது:

முடித்துவிட்டேன். மறைத்த ஸ்டாஃப் இரண்டு, மேலே சி வரிசை, கீழே ஜி வரிசை. சி வரிசை 19 பாரும் தொடர்ந்து ஓடுகிறது. ஜி வரிசை பார் 5-இல் சிறு-2 (6) என்று தொடங்கி பார் 11-இல் பெரு-1 என்று நிற்கிறது, அதற்குப் பிறகு காலி. பார் 6-ஐ ஐந்தின் ஐந்து என்று திருத்திவிட்டேன். பார் 12-இல் சிறு-7, வட்டம், (43), சாய்கோடு, சிறு-2. பார் 14-இல் அதுவே சாய்கோடு இல்லாமல்.

பார் 8-ஐ மட்டும் தனியாகப் பலமுறை வாசித்தேன். பார் 4-இலிருந்து தொடங்கி வாசித்தால் ஒன்றாகக் கேட்கிறது. பார் 7-இலிருந்து தொடங்கி 11 வரை வாசித்தால் நான்காகத்தான் கேட்கிறது, அந்த பி இறங்கும் இடத்தில் கை தானாகவே கொஞ்சம் அழுத்துகிறது. வகுப்பில் இரண்டு வரிசையையும் காட்டி, இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டப் போகிறேன்.